பாங்காக் தேசிய நூலகம்: தாய்லாந்தின் சிந்தனை வரலாற்றை ஆய்வோருக்கு

சாம்சேன் சாலை, தா வாசுக்ரியில் உள்ள இந்த நூலகத்தின் உண்மையான செல்வம் ஈமச்சடங்கு நூல்கள்தான். இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்போடு ஒரு பழைய நூலையும் அச்சிட்டுத் தகனத்தன்று வழங்குவது தாய்லாந்து மரபு. வேறெங்கும் அச்சேறாத எழுத்துகள்கூட இவற்றில் கிடைக்கும். ஒரே நூல் பல தகனங்களுக்கு மறு அச்சாகியிருக்கும். முன்னுரையில் பதிப்பு விவரம் பார்க்காமல் மேற்கோள் காட்டினால் பிற்காலத் திருத்தம் மூலமாகிவிடும்.

தேடலைத் தாய்லாந்து எழுத்திலேயே செய்யுங்கள். ரோமன் எழுத்துப்பெயர்ப்பு ஆளுக்கொரு விதம். ஆசிரியரைக் குடும்பப்பெயரில் தேடாதீர்கள், அங்கே முதற்பெயரே வரிசை.

அதிகம் சறுக்குவது ஆண்டுக்கணக்கில். ஆங்கில ஆண்டைப் பெறப் பௌத்த ஆண்டில் 543 கழிப்பது கி.பி. 1941 முதல்தான் முழுக்கச் சரி. அதற்கு முன் ஏப்ரல் 1 புத்தாண்டு. எனவே ஜனவரி முதல் மார்ச் வரையான தேதிகளுக்கு 542. புத்தாண்டு ஜனவரி 1-க்கு மாறியதால் பௌத்த ஆண்டு 2483-க்கு ஒன்பதே மாதங்கள்! பாங்காக் தலைநகரான 1782-ஐ முதலாண்டாகக் கொண்ட ரத்தனகோசின் ஆண்டென்றால் 1781 கூட்டுங்கள், ஜனவரி–மார்ச்சுக்கு 1782.

ஓலைச்சுவடி, மடிப்புச்சுவடிப் பிரிவுக்குத் தனியே நாள் ஒதுக்குங்கள். அரசு ஆவணங்களுக்குப் பக்கத்திலேயே தேசிய ஆவணக்காப்பகம். பழைய தாய்லாந்து எழுத்துக்கூட்டலில் பயிற்சி இல்லாமல் போனால் பயண நாட்கள் வீண்.