தோல் புதுப்பிக்கும் லேசர்கள்: எது எவ்வளவு சூட்டை விட்டுச் செல்கிறது?

முகப்பருத் தழும்புக்கோ சுருக்கத்துக்கோ லேசர் செய்துகொள்ள நினைப்பவர்கள் பலரும் முதலில் கேட்பது, "எது ஆழமாகப் போகும்?" என்றுதான். லேசர் தோலை ஆவியாக்கிச் சீவி எடுத்த இடத்துக்குக் கீழே எவ்வளவு சூடு தங்குகிறது என்பதையும் அவர்கள் கேட்க வேண்டும். புண் ஆறும் வேகம், தோலின் இறுக்கம், நிறமாற்றம் மூன்றும் பெருமளவு அதைப் பொறுத்தவை.

கார்பன் டை ஆக்சைடு லேசரின் அலைநீளம் 10,600 நானோமீட்டர், எர்பியம் யாக் லேசருடையது 2,940. இரண்டுமே திசுவில் உள்ள நீரைச் சூடாக்கி ஆவியாக்குகின்றன. ஆனால் எர்பியம் ஒளியை நீர் 10 மடங்குக்கும் மேலாக உறிஞ்சுவதால் அதன் சக்தி மேலேயே தீர்ந்துவிடும். அடியில் வெந்துபோகும் அடுக்கு சில பத்து மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கார்பன் டை ஆக்சைடில் அது 100 மைக்ரானைக்கூடத் தாண்டும்.

அப்படி வேவது முழுக்கக் கெடுதல் என்று சொல்ல முடியாது. சுமார் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனின் இழைகள் சுருங்கும்; தோல் இறுகுவது அதனால்தான். சிறு ரத்தக் குழாய்களும் அடைபடுவதால் ரத்தம் கசியாது. எர்பியத்தில் ஆழமாகப் போனால் கசியும், இறுக்கமும் குறைவு. ஆனால் புண் சீக்கிரம் ஆறும். கார்பன் டை ஆக்சைடால் முழு முகத்தையும் சீவினால் சிவப்பு மாதக்கணக்கில் நிற்கும். பல மாதம் கழித்து நிரந்தர வெளுப்பும் வரலாம்.

2004இல் அறிமுகமான பின்னக் கதிர் முறை, அதாவது ஃப்ராக்ஷனல், நிலைமையை மாற்றியது. ஒளி நுண்ணிய தூண்களாக மட்டும் இறங்கும், இடையிலுள்ள தோல் அப்படியே இருக்கும். அந்த நல்ல தோலிலிருந்து செல்கள் நகர்ந்து வந்து புண்ணை மூடிவிடும். இதிலும் சீவும் வகை, சீவாத வகை என்று இரண்டு உண்டு. சீவாத 1,550 நானோமீட்டர் லேசரில் மேல்தோலின் வெளி அடுக்கு உடையாது, சில நாளில் வெளியே போகலாம். பலனும் மெதுவாகத்தான் தெரியும், பல அமர்வுகள் தேவைப்படும்.

மாநிறமோ கருமையோ உள்ள தோலுக்கு நான் சீவாத ஃப்ராக்ஷனலைத்தான் முதலில் சொல்வேன், அதுவும் புள்ளிகளை நெருக்கமாக வைக்காமல். நெருங்கினால் தூண்களின் சூடு ஒன்றுசேர்ந்து அழற்சி கூடும், அப்புறம் கரும்படலம்தான் மிஞ்சும்.

தழும்பு ஊசிக்குத்துபோலக் குறுகி ஆழமாக இருந்தால், சரி, எந்த லேசரும் தனியாகப் போதாது. டிசிஏ (டிரைகுளோரோஅசிட்டிக்) அமிலத்தைக் குழிக்குள் மட்டும் வைப்பதோ, குழியையே வெட்டி எடுத்துத் தைப்பதோதான் அங்கே கைகொடுக்கும்.