ஈபே ஏலத்தின் கடைசி ஐந்து நொடிகள்: ஒரு தபால்தலை சேகரிப்பாளரின் மதிப்புரை

ஈபே என்ற இணைய ஏலத் தளத்தில் தபால்தலை வாங்குகிற யாரிடம் பேச்சுக்கொடுத்தாலும் முதலில் வருவது ஒரே புகார்தான். வாரம் முழுக்க நான்தான் முன்னால் நின்றேன், முடிய மூன்று நொடி இருக்கும்போது யாரோ வந்து தட்டிக்கொண்டு போய்விட்டார், இது அநியாயம், ஈபே இதைத் தடைசெய்ய வேண்டும் என்பார்கள். பல வருடங்களாக அங்கே திருவிதாங்கூர் அஞ்சல் தபால்தலைகளைத் தேடி வாங்கிவருகிறேன். கடைசி நொடியில் கேட்பதில் எந்த அநியாயமும் இல்லை என்பதுதான் என் முடிவு. ஈபேயின் ஏலத்தில் குறை இருக்கிறது, ஆனால் அது வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் ஏலம் நடக்கிற விதம். நாம் மனதில் வைத்திருக்கிற உச்சத் தொகையைப் போட்டுவிட்டால், அதை யாருக்கும் காட்டாமல், அடுத்தவரை முந்தத் தேவையான அளவு மட்டும் ஈபே நமக்காக ஏற்றிக்கொண்டே போகும். ஒருவர் 30 டாலர் போட்டிருக்கிறார், இன்னொருவர் 42 போட்டிருக்கிறார் என்றால் திரையில் 31 என்றுதான் தெரியும். நான்கு நொடி இருக்கும்போது நான் 60 போட்டால் எனக்கு 43-க்குக் கிடைக்கும். தோற்றவர் திரையில் 43-ஐப் பார்த்துவிட்டு, அடடா ஒரே ஒரு டாலரில் போச்சே, எனக்கு நேரம் கொடுத்திருந்தால் 45 கேட்டிருப்பேனே என்று கொதிக்கிறார். அவர் 45 கேட்டாலும் கிடைத்திருக்காது, 59 கேட்டாலும் கிடைத்திருக்காது. ஆனால் திரை அதை அவருக்குச் சொல்வதே இல்லை, கோபம் பாதி அங்கிருந்துதான் வருகிறது. இந்த முறை ஈபே கண்டுபிடித்ததும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே தபால்தலை ஏலக்காரர்கள் கடிதம் வழியாக ஏலம் வாங்கி, அதிகம் எழுதியவருக்கு இரண்டாவது தொகையையொட்டி விற்றார்கள். வில்லியம் விக்ரி என்ற பொருளியலாளர் 1961-ல் அதற்குக் கணக்கு எழுதினார், 1996-ல் நோபல் பரிசும் வாங்கினார். அந்தக் கணக்குப்படி, பொருள் தனக்கு எவ்வளவு பெறும் என்று தெரிந்தவர் அதை அப்படியே எழுதிக்கொடுத்துவிட்டுப் போவதுதான் நல்லது.

சரி, அப்படியானால் திங்கட்கிழமையே போட்டுவிட்டுப் போகலாமே, கடைசி நொடி வரை ஏன் காத்திருக்க வேண்டும்? நியாயமான கேள்வி. பதில் நம் பொழுதுபோக்குக்குள்ளேயே இருக்கிறது.

திருவிதாங்கூர் 1888-ல் சங்குச் சின்னத்தோடு தபால்தலை வெளியிட ஆரம்பித்தது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் தலைகளில் நீர்க்குறியும் (காகிதத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் அடையாளம்) ஓரத்தில் இருக்கும் துளைகளின் அளவும் மாறும், நிறம் கொஞ்சம் மாறும், பெரும்பாலானவை ரொம்ப மலிவு, ஒருசில வகைகள் மட்டும் அரிது. லண்டனில் யாரோ ஒருவர் ஒரு பழைய ஆல்பத்தைப் பிரித்து, எது என்னவென்று தெரியாமல் பத்து தலைகளை ஒரே படமாகப் போட்டு விற்கிறார். அதில் ஒன்றின் மேல் நாகர்கோவில் அஞ்சல் ஆபீஸின் முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறது. அதைக் கவனிக்க எத்தனை வருட உழைப்பு வேண்டும் என்று சேகரிக்கிறவர்களுக்குத் தெரியும். இதைப் பார்த்தவர் செவ்வாய்க்கிழமையே 40 டாலர் போட்டால் என்ன ஆகும்? விஷயம் தெரிந்தவர் ஒருவர் இதில் எதையோ பார்த்திருக்கிறார் என்று ஏலத்தின் போக்கே மற்றவர்களுக்குச் சொல்லிவிடும். படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்காதவர்கள் அவருடைய அறிவின் மேல் ஏறிக்கொண்டு 45, 50 என்று போவார்கள். தான் கற்றதைத் தன்னிடமே வைத்துக்கொள்வது திருட்டு ஆகாது.

இது என் ஊகம் மட்டும் இல்லை. ஆல்வின் ராத், ஆக்செல் ஆக்கன்ஃபெல்ஸ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2002-ல் ஈபே ஏலத்தையும் அப்போது அமேசான் நடத்திவந்த ஏலத்தையும் ஒப்பிட்டு எழுதினார்கள். ஈபேயில் அவர்கள் பார்த்த கணினி ஏலங்களில் 40 சதவீதத்திலும் பழம்பொருள் ஏலங்களில் 59 சதவீதத்திலும் கடைசி ஐந்து நிமிடத்துக்குள் ஏலம் விழுந்திருந்தது. கணினி என்ன விலை பெறும் என்று எல்லோருக்கும் தெரியும், பழம்பொருள் அப்படி இல்லை, அங்கே கண் உள்ளவர் காத்திருக்கிறார். அனுபவம் கூடக்கூட ஈபேயில் கடைசி நேரத்தில் கேட்பதும் கூடியது என்றும் கண்டார்கள்.

இன்னொரு காரணம் கசப்பானது. விற்பவரே வேறு பெயரில் வந்தோ ஆள் வைத்தோ விலையேற்றுவதை ஈபே தடைசெய்திருக்கிறது, ஆனாலும் நடக்கிறது. தொகையைத் தப்பாக அடித்துவிட்டேன் என்று ஏலத்தைத் திரும்பப் பெறும் வசதியையும் சிலர் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். ஒரு பெரிய தொகையைப் போடுவார்கள், உங்கள் உச்சத் தொகை வெளியே தெரிந்துவிடும், உடனே திரும்பப் பெற்றுக்கொண்டு அதற்குச் சற்றுக் கீழே வேறொரு பெயரில் கேட்பார்கள். நீங்கள் ஜெயிப்பீர்கள், கடைசிக் காசு வரை கொடுத்து. ஒருவார காலம் உங்கள் தொகை அங்கே கிடந்தால்தான் இது நடக்கும். நான்கு நொடி மட்டும் கிடந்தால் நடக்காது. அநியாயம் என்ற வார்த்தையை இதற்குத்தான் பயன்படுத்த வேண்டும்.

கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜிக்சன் போன்ற சேவைகளில் பொருளின் எண்ணையும் உச்சத் தொகையையும் கொடுத்துவிட்டால், முடிய சில நொடி இருக்கும்போது அதுவே நமக்காகப் போட்டுவிடும். இங்கிலாந்து விற்பனையாளருடைய ஏலம் அங்கே கோடைகாலத்தில் இரவு எட்டு மணிக்கு முடிந்தால் நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. மறுநாள் வேலைக்குப் போகிறவர் விழித்துக் காத்திருக்க முடியாது. இந்தக் கருவி இருப்பதால்தான் இந்தியாவில் இருக்கிற சேகரிப்பாளரும் லண்டன்காரரும் சமமாக நிற்க முடிகிறது. ஒரே தயக்கம், உங்கள் ஈபே கடவுச்சொல்லை மூன்றாவது ஆளிடம் கொடுக்க வேண்டும். கொடுப்பதானால் வேறெங்கும் பயன்படுத்தாத தனிக் கடவுச்சொல்லாக வையுங்கள்.

இப்போது குறைக்கு வருகிறேன். ஈபேயில் ஏலம் குறித்த நொடியில் டக்கென்று முடிந்துவிடுகிறது. அமேசான் ஏலத்தில் கடைசி பத்து நிமிடத்துக்குள் யாராவது கேட்டால், அதிலிருந்து இன்னும் பத்து நிமிடம் ஓடும். அதே ஆய்வில் அங்கே கடைசி நேர ஏலம் வெறும் 3 சதவீத அளவில்தான் இருந்தது. ஆட்கள் ஒரே மாதிரி, பொருளும் ஒரே மாதிரி, விதி மட்டும் வேறு. நியூசிலாந்தின் டிரேட் மீ தளத்தில் நேரம் நீள்கிறது, யாஹூ ஜப்பான் ஏலத்தில் நீட்டிப்பை விற்பவரே தேர்ந்தெடுக்கலாம். நம் ஊர் பேப்பரில் வருகிற வங்கி மின்னணு ஏல அறிவிப்புகளிலும் ஐந்து நிமிட நீட்டிப்பு என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குறித்த கணத்தில் முடியும் ஏலம் எங்கே இருந்தாலும் கடைசிக் கணத்துக்குக் காத்திருப்பவர் அங்கே இருப்பார். 1662-ல் லண்டனில் மெழுகுவர்த்தி அணையும் வரை நடந்த கப்பல் ஏலத்தில், அணையப்போகும்போது புகை கீழே இறங்கும் என்பதைக் கவனித்து வைத்திருந்த ஒருவர் சரியான நேரத்தில் கேட்டு ஜெயித்ததை சாமுவேல் பெப்பிஸ் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

நேரம் நீண்டால் முத்திரையைக் கண்டுபிடித்த அந்தச் சேகரிப்பாளருக்கு நஷ்டம்தான், அவர் பார்த்ததை மற்றவர்களும் பார்த்துவிடுவார்கள். ஆனால் தாத்தாவின் ஆல்பத்தை விற்கிற குடும்பத்துக்கு நல்ல விலை கிடைக்கும். புதிதாக வந்தவருக்கும் யோசிக்க ஒரு வாய்ப்புக் கிடைக்கும். யாருக்கு எது நல்லது என்பதை விற்பவரே முடிவுசெய்யட்டும், பட்டியலிடும்போது நீட்டிப்பு வேண்டுமா வேண்டாமா என்று ஒரு தேர்வு கொடுத்தால் போதும்.

வாங்குகிறவராக நான் ஈபேக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன். இவ்வளவு பழைய அஞ்சல் தலைகள் வேறெங்கும் என் கண்ணில் படுவதில்லை. விற்கிறவருக்கு ஐந்தில் இரண்டரைதான். கையில் நல்ல தலைகள் இருந்து விற்க நினைத்தால், நீர்க்குறியையும் துளை அளவையும் முதலில் பாருங்கள், முத்திரை படித்துப்பார்க்கும்படி தெளிவான படம் போடுங்கள், குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டுமோ அதையே ஆரம்ப விலையாக வையுங்கள்.