போக்குவரத்துப் பாடம்: தீப்பெட்டி பஸ்ஸா, பள்ளி கேட்டா?

செஞ்சி பக்கம் ஒரு கிராமத்தில் ஈராசிரியர் பள்ளி எங்களுடையது. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 19 பேரும் ஒரே அறையில் என்னிடம். போக்குவரத்துப் பாடத்தைப் போன வருடம் தீப்பெட்டி வண்டிகள் செய்ய வைத்து நடத்தினேன். இந்த வருடம் பள்ளி கேட்டுக்குள் உட்கார்ந்து, போகிற வண்டிகளை எண்ண வைத்து நடத்தினேன். அடுத்த வருடமும் கேட்டுதான்.

சார்ட்டும் வீடியோவும் எல்லோருக்கும் தெரிந்த கதை. சார்ட்டைக் காட்டினால் "நிலவழி, நீர்வழி, வான்வழி" என்று பாட்டாகச் சொல்லிவிடுவார்கள். பாடம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். வீடியோ ஓடும்போது அறை அமைதியாக இருக்கும். அந்த அமைதிதான் எனக்குப் பிடிக்காதது. ஒரு பிள்ளையும் வாய் திறக்காது.

தீப்பெட்டி வண்டியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பாட்டில் மூடிச் சக்கரம், ஈர்க்குச்சி அச்சு, வண்ணத்தாள் ஒட்டிய ஜன்னல் என்று பிள்ளைகள் அந்த வாரம் முழுக்கக் கொண்டாட்டமாக இருந்தார்கள். ஆனால் ஒன்றாம் வகுப்புக்குக் கத்தரிக்கோல் பிடிபடாது, மூடியில் ஓட்டை போட நான்தான் வேண்டும். நான் இங்கே ஓட்டை போட்டுக்கொண்டிருக்க, மூன்றாம் வகுப்பு வேலையை முடித்துவிட்டு அங்கே சண்டை போட்டுக்கொண்டிருக்கும். ஒட்டியது மைதா பசை. காலாண்டு விடுமுறை முடிந்து பீரோவைத் திறந்தால், பசை இருந்த இடத்தை எல்லாம் எலி தின்றிருந்தது. மிஞ்சியது மூடிகள்தான்.

சரி, கேட்டு. காலை 9.40-லிருந்து 10 மணி வரை, டவுன் பஸ் வருகிற நேரமாகப் பார்த்து உட்கார்ந்தோம். கேட்டு பூட்டியபடியே இருக்கும், எல்லோரும் உள்பக்கத் திண்ணையில். இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இந்த முறை பக்கம் நான் சாய்வதற்குக் காரணம் ஒன்றுதான்: மூன்று வகுப்புக்கும் தனித்தனியாக ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை. போவது ஒரே டிராக்டர். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அதன் பெயரைச் சொல்லி, டிராக்டருக்கென்று வைத்த கொட்டாங்குச்சியில் ஒரு புளியங்கொட்டை போடும். இரண்டாம் வகுப்பு சிலேட்டில் நேர்க்கோட்டுக் குறி போடும். ஐந்தாவது வண்டிக்குக் குறுக்குக் கோடு. மூன்றாம் வகுப்புக்கு நம்பர் பலகை. வெள்ளைப் பலகை என்றால் சொந்த வண்டி, மஞ்சள் என்றால் வாடகை வண்டி என்று ஒருமுறை சொன்னேன், அவ்வளவுதான். டி.என். 32 விழுப்புரம், டி.என். 25 திருவண்ணாமலை என்பதை லாரி கிளீனர் மகன் ஒருவன் எனக்கு முன்பே சொல்லிவிட்டான். இருபது நிமிடமும் யாரும் சும்மா இல்லை, நானும் யாருக்காகவும் ஓடவில்லை. ஒரே அறையில் மூன்று வகுப்பை வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அறைக்குத் திரும்பிக் கொட்டைகளை எண்ணினால் டூ வீலர் 23, டிராக்டர் 4, குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி 3, பஸ் 1. "டிராக்டரைவிட டூ வீலர் எத்தனை அதிகம்?" என்று கேட்டால் கழித்தல் கணக்கு. கொட்டைகளைத் தரையில் வரிசையாக அடுக்கினால் அதுவே வரைபடம். அப்புறம் தமிழ்: ஆளுக்கு ஒரு வண்டி பற்றி இரண்டு வாக்கியம். "குட்டியானைக்குத் தும்பிக்கை இல்லை. ஆனால் வைக்கோல் ஏற்றும்" என்று எழுதினாள் ஒருத்தி.

நான் எதிர்பார்க்காதது ஜேசிபி. அது போனதும் ஒரு பையன், "டீச்சர், இது ஆளையும் ஏத்தாது, சாமானும் ஏத்தாது, இது எந்தக் கொட்டாங்குச்சி?" என்றான். ஆளையோ பொருளையோ ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவது போக்குவரத்து என்பதை அவனே கண்டுபிடித்து, என்னையே கேள்வி கேட்கிறான். "மண்ணை அள்ளிப் போடுதுல்ல?" என்று இன்னொருத்தி மடக்கினாள். ஜேசிபிக்கென்று தனிக் கொட்டாங்குச்சி வைத்தோம்.

இந்த முறையில் குறையும் உண்டு. எங்கள் சாலையில் கப்பலும் வராது, ரயிலும் வராது. பாம்பன் பாலத்தையும் ஊட்டி மலை ரயிலையும் படத்தில்தான் காட்டினேன். அதற்குச் சார்ட்டைத்தான் மறுபடி எடுத்தேன். ஒரு வகுப்பில் 40 பேர் இருக்கிற நகரத்துப் பள்ளிக்கு இது ஒத்துவருமா என்று என்னால் சொல்ல முடியாது, நான் அங்கே வேலை பார்த்ததில்லை. நெடுஞ்சாலை ஓரப் பள்ளி என்றால் எண்ணி முடியாது, நானே எண்ணிக்கையை விட்டுவிடுவேன். அங்கே பஸ்ஸை மட்டும் எண்ணச் சொல்லலாம். மழை வந்தாலும் திட்டம் போச்சு. எங்களுக்கு ஒருநாள் அப்படித்தான் ஆனது. அன்று நாற்காலிகளை வரிசையாகப் போட்டு பஸ் விளையாட்டு விளையாடினோம். கண்டக்டராக நின்றவன் விசில் ஊதி, "ஆயாவுக்கு ஃப்ரீ, தாத்தா பத்து ரூபா எடு" என்றான்.