டொனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமான்டின்: அப்பாவுக்கு எது பொருந்தும்?

திருவையாற்றுக்குப் பக்கத்துக் கிராமத்தில் நாற்பது ஆண்டுகள் குறுவையும் சம்பாவும் பார்த்த என் தந்தையார், அணை மூடிய பிறகு மாசி மாதத்தில் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "மேட்டூர்ல தண்ணி தொறந்தாச்சா?" என்று கால் மணிக்கொரு தடவை கேட்கத் தொடங்கிய பிறகுதான் நரம்பியல் மருத்துவரிடம் போனோம். அல்சைமர் என்ற மறதி நோய்தான் என்று உறுதியானதும் எந்த மருந்து என்ற கேள்வி வந்தது.

இந்நோயில், முன்மூளையின் அடிப்பகுதியிலிருந்து, நினைவுக்கு உதவும் வேதிப்பொருளான அசிடைல்கோலினை அனுப்பும் நரம்பணுக்கள் அழிகின்றன. டொனெபெசிலும் ரிவாஸ்டிக்மினும் அசிடைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கின்றன. வாய்க்காலில் வரத்து குறைந்த காலத்தில் வடிமடையை அடைத்து, வயலில் நிற்கும் தண்ணீரைத் தேக்குவது போன்ற வேலை இது. வரத்து குறைவதை இந்த மருந்துகள் நிறுத்துவதில்லை என்பதைக் குடும்பத்தினர் முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

டொனெபெசிலை நான் முதலில் வைப்பேன். உடலில் பாதியாகக் குறையவே சுமார் 70 மணி நேரம் ஆவதால் நாளுக்கு ஒரு வேளை போதும். ஒரு நாள் தவறினாலும் பெரிதாகக் கெடாது. 5 மி.கி.யில் தொடங்கி, நான்கு முதல் ஆறு வாரங்கள் கழித்து 10 மி.கி.க்கு உயர்த்துவது வழக்கம். குமட்டல், வயிற்றுப்போக்கு, பசியின்மை வரலாம். நாடித்துடிப்பையும் குறைக்கக்கூடியது என்பதால், இதயக் கோளாறு உள்ளவருக்கு இ.சி.ஜி. பார்க்காமல் தொடங்கக் கூடாது. இரவில் கொடுத்தபோது அப்பா கனவு கண்டு அலறினார். மருத்துவர் சொல்லிக் காலைப் பலகாரத்துக்குப் பின் மாற்றியதும் அது அடங்கியது. தண்ணீரைப் பற்றிக் கேட்பது நிற்கவில்லை. ஆனால் பதில் சொன்னால், "முறை வச்சு விடுறாங்களா?" என்று அடுத்த கேள்வியைத் தொடுக்கிறார்.

ரிவாஸ்டிக்மின் மாத்திரையை இரு வேளையும் உணவோடு தர வேண்டும்; வாந்தி அதிகம். தோலில் ஒட்டும் பட்டையாகத் தந்தால், அதே பயனுக்குக் குமட்டலும் வாந்தியும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைகின்றன. வயிறு ஒத்துழைக்காதவருக்கும், மாத்திரையைக் கன்னத்தில் அடக்கித் துப்பிவிடுபவருக்கும் இதுவே நல்லது. ஆனால் எண்ணெயோ பவுடரோ படாத உலர்ந்த தோலில்தான் பட்டை ஒட்டும். நம் பக்கத்துக் கத்திரி வெயிலில், வேர்வை ஊறும் முதுகில் அதன் ஓரம் பிரிந்துவிடாமல் பார்க்க ஒருவர் வேண்டும். பழைய பட்டையை எடுக்காமல் புதியதை ஒட்டினால் மருந்து அளவு மீறி ஆபத்தாகும், விலையும் கூடுதல்.

மெமான்டின் வேறு வழியில் செல்வது. நரம்பணுக்களைத் தூண்டும் இன்னொரு வேதிப்பொருளான குளுட்டமேட்டின் மிகையான தூண்டலை மட்டுப்படுத்துகிறது. நடுத்தர, முற்றிய நிலைகளுக்கே உரியது. தொடக்க நிலையில் இதைக் கேட்டு வாங்குவதில் பயன் இல்லை. டொனெபெசிலோடு சேர்த்தும் தரலாம்.

அமெரிக்காவில் 2023இல் அனுமதி பெற்ற லெக்கனெமாப், இந்நோயில் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதப் படிவையே அகற்றுவது. 18 மாத ஆய்வில் சரிவின் வேகத்தை 27 விழுக்காடு குறைத்தது. ஆனால் ஆரம்ப நிலையினருக்கு மட்டுமே. தொடக்கத்தில் இரு வாரத்துக்கொரு முறை ரத்தக்குழாய் வழியே ஏற்றி, மூளையில் வீக்கமோ கசிவோ உண்டா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்பா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சளிக்கென்று கடையில் கேட்டு வாங்கும் குளோர்பெனிரமின் போன்ற மாத்திரைகள் அசிடைல்கோலினின் வேலையைத் தடுப்பவை. டொனெபெசில் கொடுக்கும் வீட்டில் அவற்றையும் கொடுப்பது, ஒரு பக்கம் மடையை அடைத்துவிட்டு மறுபக்கம் வரப்பை வெட்டுவதாகும்.

அப்பாவுக்கு மெமான்டினையும் சேர்ப்பது பற்றி இப்போது பேச்சு நடக்கிறது. சிறுநீரகம் பெரிதும் பழுதுபட்டிருந்தால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும் என்பதால், கிரியாட்டினின் சோதனைக்கு இன்று காலை ரத்தம் கொடுத்திருக்கிறோம்.