பாரிமுனையில் முகக்கவசம் கேட்டால் எது கிடைக்கும்?

பாரிமுனையின் உள்தெரு ஒன்றில் இருக்கும் தொழிற்பாதுகாப்புப் பொருள் கடை இது. இங்கே முகக்கவசம் வேண்டும் என்றால் கடைக்காரர் உடனே எதையும் எடுத்து நீட்டுவதில்லை, “என்ன வேலைக்குங்க?” என்று திருப்பிக் கேட்கிறார். இக்கடையைப் பரிந்துரைக்க எனக்கு அந்தக் கேள்வியே போதும்.

2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது அரசு அறிவிப்புகளும் நாளிதழ்களும் முகக்கவசம் என்பதை மூக்கையும் வாயையும் மூடும் உறைக்கே உரிய பெயராக்கிவிட்டன. முகமூடி என்ற சொல் முன்பே இருந்தும், வேடமும் திருட்டும் அதில் ஒட்டியிருந்ததால்தான் பின்தங்கியது என்பது என் கணிப்பு. கவசமோ வடமொழியிலிருந்து வந்து, கர்ணன் கதையாலும் கந்தர் சஷ்டி கவசத்தாலும் நமக்குப் பழகி, காப்பு என்ற பொருளில் ஊன்றிவிட்ட சொல். கடைக்குள்ளோ அது ஒரே பொருளைக் குறிப்பதில்லை. வெல்டருக்குக் கறுப்புக் கண்ணாடி பதித்த ஷீல்டு, கிரைண்டிங் செய்பவருக்கு முகம் முழுவதையும் மறைக்கும் தெளிந்த பிளாஸ்டிக் தகடு, தூசியில் நிற்பவருக்கு மாஸ்க் என மூன்றும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

நான் நின்றிருந்தபோது, காசிமேட்டில் ஃபைபர் படகு பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவர், “அண்ணே, நல்ல மாஸ்க்கா ஒண்ணு குடுங்க” என்றார். “தேய்க்கப் போறியா, ரெசின் அடிக்கப் போறியா?” என்று கேட்டார் கடைக்காரர். தேய்க்கும்போது பறக்கும் தூசிக்கு, இந்தியத் தரக்குறியீடான ஐ.எஸ். 9473 முத்திரையுள்ள எஃப்.எஃப்.பி.2 வகை மாஸ்க் போதும், அதிலுள்ள பாலிபுரொப்பிலீன் இழைகள் மின்னூட்டம் பெற்றவை என்பதால், நுண்துகள்களில் குறைந்தது 94 விழுக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்க முறையிலான என்95இல் அந்த அளவு 95. ஆனால் ஃபைபர் படகில் பூசும் பிசினான ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் என்ற வேதிப்பொருளின் ஆவி இவ்விரண்டையும் எளிதாகக் கடந்துவிடும் என்பதால், அதற்குக் கரி நிரப்பிய, பழுப்புப் பட்டை போட்ட கார்ட்ரிட்ஜ் எனும் வடிகட்டிக் குப்பி மாட்டும் ரப்பர் மாஸ்க்கை எடுத்துக் காட்டினார். பச்சைப் பட்டை அமோனியாவுக்கானது. 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்ததை மறக்காதவர்கள், வீட்டிலிருக்கும் என்95 அத்தகைய வாயுவைத் தடுக்காது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. காதில் மாட்டும் மாஸ்க்குகளே கண்ணாடிப் பேழையில் முன்னால் நிற்கின்றன. தலையைச் சுற்றி இரண்டு பட்டைகளால் இறுகும் வகை, கன்னத்தோரம் காற்று புகாமல் அதைவிட நன்றாகப் பொருந்தக்கூடியது என்றாலும், கேட்டால்தான் உள்ளிருந்து வருகிறது. சில்லறையாக வாங்குவோருக்கு உறையில்லாமல் எடுத்துத் தருவதால் முத்திரையையும் காலாவதித் தேதியையும் பார்க்க முடிவதில்லை. போட்டுப் பார்க்க ஒரு கண்ணாடிகூட இல்லாதது, முகத்தோடு பொருந்துவதே முதன்மையான இந்தப் பொருளுக்குப் பெருங்குறை. பில்லும் கேட்டால்தான் கிடைக்கும்.

விலை, மருந்துக்கடைகளைவிடக் குறைவாகவே தோன்றியது. வெல்டிங் ஷீல்டு வாங்குவோர் கண்ணாடி எவ்வளவு கறுப்பு என்பதைக் காட்டும் நிற எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண ஆர்க் வேலைக்கு 10 அல்லது 11 எண்ணுள்ள கண்ணாடிகள் இங்கே தனியாகவும் விற்கப்படுகின்றன.