பொனற்றில 240, பின்னால 135: பழைய மசி ட்றக்டர் வாங்கப் போறவைக்கு

ஏழு ஏக்கர் வயலுக்கு ஒரு மெசின் எடுக்கப் போய், 23 இலட்சம் குடுத்து ரெண்டு மெசினை ஒண்டா வாங்கிக்கொண்டு வந்தவன் நான். பகிடி இல்லை. முன்பாதி மசி பேர்குசன் 240, பின்பாதி அதின்ர பழைய மொடல் 135. காலபோகத்துக்குப் பழைய மெசின் தேடித் திரியிறவை இதைக் கொஞ்சம் பொறுமையா வாசியுங்கோ.

போன ஆவணியில மூண்டு மெசின் பார்த்தன். முதலாவது எங்கட ஊர் ஐயா ஒருவரின்ர 135. பெயின்ற் போய், சீற் கிழிஞ்சு, பின் அச்சால ஒயில் கசிஞ்சபடி நிண்டது. 14 இலட்சம் கேட்டார். "தம்பி, உள்ளதைச் சொல்லுறன், ஒயில் சீல் மாத்த வேணும். கியர்பொக்ஸ் இன்னும் பிரிக்கேல்லை" எண்டார். அந்தக் கசிவைப் பார்த்து எனக்கு மனம் விட்டுப் போச்சு.

ரெண்டாவது பரந்தன் பக்கம் ஒரு மல்டி பவர் 135. கிளச் மிதிக்காமல் ஓட்டத்திலயே மாத்தலாம், 12 கியர் எண்டு கேட்க ஆசையாத்தான் இருந்தது. ஆனா அதை லோவில போட்டு இறக்கத்தில விட்டா எஞ்சின் பிடிச்சு வைக்காது, சில்லு தன்ர பாட்டுக்கு ஓடும். நெல்லு மூட்டை ஏத்தின இழுவைப் பெட்டியோட குளக்கட்டால இறங்கிற எங்களுக்கு அது சரிவராதெண்டு விட்டன். அந்த ஒரு முடிவு மட்டும் இண்டைக்கும் சரி.

மூண்டாவதுதான் வவுனியாப் பக்கம் ஒரு வளவில நிண்ட "240". பளபளவெண்டு சிவப்பு, புது டயர், புது சீற். நான் பதிவுப் புத்தகத்தைக் கேட்டன், தந்தார். எஞ்சின் நம்பர் சரி. மீற்றருக்குக் கிட்ட இருந்த தகட்டு நம்பரும் சரி. எல்லாம் பார்த்திட்டன் எண்டு நினைச்சன். எஞ்சினும் தகடும் ரெண்டுமே முன்பாதியில இருக்கிற சாமான் எண்டு எனக்கு அப்ப விளங்கேல்லை. பின்பாதி எங்கயிருந்து வந்ததெண்டு புத்தகம் சொல்லாது.

வளவுக்குள்ளயே ஓடிப் பார்த்தன். வெறும் மெசின், சமதரை, ஒரு கியர். சத்தமே இல்லை. கலப்பையைத் தூக்கச் சொல்லிக் கேட்டன். லிப்ற் ஆமை மாதிரி ஏறிச்சுது. "விடியக்காலமெல்லோ தம்பி, ஒயில் சூடாகேல்லை" எண்டார். நானும் தலையாட்டினன்.

இந்த இடத்தை நல்லாக் கவனியுங்கோ. மசி 135, 240 ரெண்டிலயும் கியர்பொக்ஸுக்கும் பின் அச்சுக்கும் லிப்ற்றுக்கும் ஒரே ஒயில்தான். லிப்ற் பம்ப் அந்த ஒயிலுக்குள்ளதான் கிடக்குது. தேய்ஞ்ச பல்லின்ர இரைச்சலை அமத்திறதுக்கு ஆரும் கட்டி ஒயில் ஊத்தினால் கியர்பொக்ஸ் வாய் மூடும், ஆனா பம்ப் அதை இழுக்க ஏலாமல் திணறும். அதாவது அந்த லிப்ற் எனக்கு உண்மையைச் சொன்னது. நான் மனுசன் சொன்னதைக் கேட்டன்.

புரட்டாதி மழைக்கு வயலில இறக்கினன். மூண்டாம் நாள் கொத்துக் கலப்பையோட போகேக்க லீவர் தானாத் துள்ளி நியூட்டிரலுக்கு வந்தது. திரும்பப் போட்டன், திரும்பத் துள்ளிச்சுது. முழங்காலால லீவரை அமத்திப் பிடிச்சு ரெண்டு நாள் உழுதன். மடத்தனம்தான், ஆனா ஈரம் காயமுந்தி விதைக்க வேணுமே. பிறகு விதைநெல்லு மூட்டையோட குளக்கட்டால இறங்கேக்க துள்ளினதுதான் கடைசி. பெட்டி பின்னாலயிருந்து தள்ளுது. வயலில திரும்பிறதுக்காக ரெண்டு பிறேக்கையும் பிணைக்கிற கொளுக்கியைக் கழட்டி விட்டிருந்தனான், அதை மறந்து போய் ஒரு பக்கத்தை மட்டும் மிதிச்சிட்டன். மெசின் ஒரு பக்கமா இழுத்துப் பற்றைக்குள்ள போய் நிண்டது. மற்றப் பக்கம் எண்டால் தண்ணி.

கிளிநொச்சியில ஒரு வயசான மெக்கானிக்கிட்ட இழுத்துக்கொண்டு போனன். அவர் ஒரு சாவியும் தூக்கேல்லை. ஏறியிருந்து லீவரை அசைச்சுப் பார்த்திட்டு, "தம்பி, முன்னுக்கு எத்தினை கியர் விழுகுது?" எண்டார். மூண்டு. ஹை, லோ எண்டு பார்த்தால் ஆறு. "240க்குப் பொதுவா நாலு விழ வேணும், எட்டுக் கியர். இது 135இன்ர ஆறு கியர்." ஒரு மாதத்துக்கு மேல அதில ஏறி இறங்கினவன், எண்ணிப் பார்க்கேல்லை. ரெண்டு சில்லு லான்ட்மாஸ்டரோட வளர்ந்தவனுக்கு என்ன தெரியும் எண்டு என்ர மனுசி இப்பவும் நக்கல் அடிக்கிறா.

நடுவால பிளந்தம். ஒயில் சீனிப்பாணி மாதிரி வடிஞ்சது, அடியில இரும்புத்தூள். ரெண்டாம் கியரின்ர பல்லு நுனி சரிவாத் தேய்ஞ்சு கிடந்தது. அப்பிடித் தேய்ஞ்சால் பாரம் ஏறேக்க பல்லுத்தான் பல்லை வெளியில தள்ளும், லீவரில பிழை இல்லை எண்டார். ஒரு பல்லு உடைஞ்சதுக்கு வெல்டிங் வச்சுக் கிறைண்டரால தேய்ச்சிருந்தது.

135 1964இலயிருந்து எழுபதுகள் வரைக்கும் வந்தது, 240 அதுக்குப் பிறகு. ரெண்டுக்கும் மூண்டு சிலிண்டர் பேர்க்கின்ஸ் எஞ்சின், ஒண்டின்ர பாதி மற்றதில பொருந்தும். 2009இல சனம் விட்டிட்டுப் போன மெசினுகளில கழட்டினது எது எதில ஏறினதெண்டு ஆருக்குத் தெரியும். பொருத்திறதை நான் குற்றமாச் சொல்லேல்லை. எங்கட அப்பாவும் மீள்குடியேறி வந்து அப்பிடித்தான் ஒரு லான்ட்மாஸ்டரை எழுப்பினவர். பொருத்தினதைப் பொருத்தினதெண்டு சொல்லி, அந்த விலைக்கு விக்க வேணும். ஆறு கியர் 135 கூடாத மெசினும் இல்லை. நல்லதெண்டால் அதைப் போலக் கரைச்சல் இல்லாத கியர்பொக்ஸ் கிடையாது. எனக்கு வந்தது செத்த 135, உயிருள்ள 240இன்ர விலைக்கு.

வித்தவர் "ஓடிப் பார்த்துத்தானே எடுத்தனீர்" எண்டு ஒரு வசனத்தோட முடிச்சிட்டார். இணக்கசபைக்கு எழுதிக் குடுத்திருக்கிறன், இன்னும் கூப்பிடேல்லை. திருத்த 19 நாள் போச்சு, கூலி மெசின் பிடிச்சு விதைச்சன்.

பார்க்கப் போறதெண்டால் பாரம் ஏத்தின பெட்டி ஒண்டைக் கொளுவிக் குளக்கட்டால ஏத்தியும் இறக்கியும் பாருங்கோ, ஒவ்வொரு கியரிலயும். இறக்கத்தில காலை அக்சிலேற்றரால எடுக்கேக்கதான் கனக்கத் துள்ளும். கியர்பொக்ஸ் ஒயில் அளவுக்குச்சியை இழுத்து விரலில தேய்ச்சுப் பாருங்கோ. பால் மாதிரி இருந்தால் சேத்துத் தண்ணி உள்ள போயிருக்குது. இப்பிடிப் பார்க்க விடமாட்டன் எண்டு சொல்லுற ஆளிட்ட நிண்டு கதைக்காதேங்கோ.

ஐயாவின்ர 135ஐப் பக்கத்து வயல்காரர் எடுத்தவர். சீல் மாத்தி ஓடுது.

வவுனியாவில அதே வளவு வாசலில போன கிழமை இன்னொண்டு நிக்குது. புதுச் சிவப்பு, பக்கத்தில வெள்ளை எழுத்தில 240. பார்க்கப் போறவர் ஆரெண்டாலும், ஏறியிருந்து முதல்ல கியரை எண்ணுங்கோ.