டைனமோவா, ஆல்டர்னேட்டரா: ஆரியங்காவு ஏறும் பழைய அம்பாசடருக்கு எது தோது?

செங்கோட்டைப் பக்கம் பழைய அம்பாசடரோ ஃபியட்டோ வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால், பேச்சு கடைசியில் சார்ஜிங்கில்தான் போய் முட்டும். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரியை ஏற்றுவது பழைய வண்டிகளில் டைனமோ, பிற்பாடு வந்தவற்றில் ஆல்டர்னேட்டர். ஒருவர் டைனமோவை விடவே மாட்டேன் என்பார். இன்னொருவர் ஆல்டர்னேட்டர் மாட்டிய பிறகுதான் நிம்மதி என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஒருவர் பகலில் தென்காசி போய்த் திரும்புகிறவர், மற்றவர் ஆனி, ஆடி மழையில் ராத்திரி ஆரியங்காவு கணவாய் வழியாகப் புனலூருக்கு இறங்குகிறவர். எந்தப் பாகம் நல்லது என்று கேட்பதற்கு முன்னால், வண்டி எந்த நேரத்தில் எந்த ரோட்டில் ஓடுகிறது என்று கேட்கவேண்டும்.

ராத்திரி மழைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஹெட்லைட் தலா 45 வாட் என்றால் இரண்டுக்கும் 7.5 ஆம்பியர். டெயில், நம்பர் பிளேட், மீட்டர் விளக்கெல்லாம் சேர்ந்து இரண்டு, இரண்டரை. இக்னிஷன் காயில் மூன்றிலிருந்து நான்கு. வைப்பர் இரண்டு, மூன்று. ஆக 16 ஆம்பியர் பக்கம் வந்துவிடுகிறது. 60/55 வாட் ஹாலஜன் போட்டிருந்தால் இன்னும் இரண்டு கூடும். வளைவுக்கு வளைவு அடிக்கிற ஹாரன் தனி.

லூக்காஸ் கம்பெனியின் சி40 வகை டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர் கொடுக்கும். காகிதத்தில் மிச்சம்தான். ஆனால் அந்த 22 கிடைப்பது டைனமோவின் தண்டு நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் சுற்றும்போது. ஐடிலில் ஒன்றும் கிடைக்காது, மீட்டரில் சிவப்புச் சார்ஜ் விளக்கு மினுங்கும். புளியரை எஸ் வளைவில் மரம் ஏற்றிய லாரி ஒன்று மக்கர் பண்ணி நின்றால், பின்னால் நிற்கிற நம் வண்டியில் விளக்கு, வைப்பர் எல்லாம் பேட்டரியைத்தான் தின்னும். குற்றால சீசனிலும், கார்த்திகை மார்கழியில் சபரிமலைக்குப் போகிற வண்டிகள் வரிசை கட்டும்போதும் இந்த ரோட்டில் நிற்கிற நேரம் அதிகம்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். டைனமோவில் மின்சாரம் பிறப்பது ஆர்மேச்சரில், அதாவது நடுவே சுற்றுகிற கம்பிச் சுருளில். அத்தனை ஆம்பியரும் அதன் முனையிலுள்ள செம்புப் பட்டைகளான கம்யூட்டேட்டர் வழியாக, அதில் உரசுகிற கார்பன் பிரஷ் வழியாகத்தான் வெளியே வரவேண்டும். அதனால் பிரஷ் தேய்கிறது, கம்யூட்டேட்டர் கருக்கிறது. அதை வெகு வேகமாகச் சுற்றவும் முடியாது. ஆகவே பெல்ட் ஓடுகிற புல்லியைப் பெரிதாகப் போட்டுவிட்டார்கள், ஐடிலில் மெதுவாகச் சுற்றுகிறது. ஆல்டர்னேட்டரில் மின்சாரம் பிறப்பது ஸ்டேட்டரில், அதாவது சுற்றிலும் அசையாமல் நிற்கிற சுருளில். பிரஷ் வழியாகப் போவது காந்தத்தை உண்டாக்குகிற ஃபீல்டு சுருளுக்கான சில ஆம்பியர் மட்டும். அதனால் சின்னப் புல்லி போட்டு வேகமாகச் சுற்றலாம், ஐடிலிலேயே சார்ஜ் ஏறும். லூக்காஸ் 17ஏசிஆர் 36 ஆம்பியர் வரை தரும்.

அப்படியானால் எல்லாரும் ஆல்டர்னேட்டருக்கு மாறிவிடலாமே? கொஞ்சம் பொறுங்கள். டைனமோ மேல் வருகிற புகாரில் பெரும்பாலானவை டைனமோவின் குற்றமே இல்லை.

மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் போதும். டைனமோவில் டி (மின்சாரம் வெளியே வருகிற முனை), எஃப் (ஃபீல்டு முனை) என்று இருக்கிற இரண்டு வயரையும் கழற்றிவிட்டு, அந்த இரண்டு முனையையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். அதற்கும் டைனமோ உடம்புக்கும் நடுவில் மீட்டரை வைத்து, எஞ்சினை மெல்ல 1,000 சுற்று வரை ஏற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். வோல்ட் சீராக ஏறி 14, 15ஐத் தாண்டினால் டைனமோ நல்லபடியாக இருக்கிறது. கோளாறு கட்டவுட்டில், அதாவது வோல்ட்டைக் கட்டுப்படுத்துகிற பெட்டியில், அல்லது வயரில். முள் அசையவே இல்லையென்றால் பிரஷ்ஷைப் பாருங்கள். ஒரு வோல்ட்டோடு நின்றால் ஃபீல்டு காயில், நான்கைந்தில் நின்றால் ஆர்மேச்சர் சந்தேகம். இதைப் பார்க்காமலே “டைனமோ போச்சு அண்ணாச்சி, ஆல்டர்னேட்டர் போட்டுருவோம்” என்று சொல்லுகிற கடையில் வண்டியை விடாதீர்கள்.

டைனமோவின் பின்முனையில் எண்ணெய்க்கென்றே ஒரு சின்ன ஓட்டை உண்டு. உள்ளே இருப்பது பேரிங் இல்லை, வெண்கலப் புஷ். சர்வீசுக்குச் சர்வீஸ் இரண்டு மூன்று சொட்டு எஞ்சின் ஆயில் விட்டால் அது பல காலம் வரும். யாரும் விடுவதில்லை. புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் ஆடி உரச ஆரம்பித்த பிறகு ரீவைண்டிங்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். லேத்தில் கம்யூட்டேட்டரை லேசாகக் கடைந்து, பட்டைகளுக்கு நடுவே உள்ள மைக்காவைச் சற்றுக் கீழே இறக்கி, புதுப் பிரஷ், புதுப் புஷ் போட்டால் அது வேறு டைனமோ.

இந்த முதல் வழியில், அதாவது எல்லாவற்றையும் அசலாகவே வைத்துச் செப்பனிடுவதில், பலவீனம் கட்டவுட்தான். காயிலும் ஸ்பிரிங்கும் காண்டாக்ட்டும் வைத்து வேலை செய்கிற பெட்டி அது. மழைக்காலத்து ஈரத்தில் காண்டாக்ட் பூத்துவிடும். அதைத் தேய்த்து, இடைவெளி பிடித்து, மீட்டர் பார்த்து செட் பண்ணத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

இரண்டாவது வழி இதற்குத்தான். பழைய கட்டவுட் பெட்டியும் மூடியும் அப்படியே இருக்க, உள்ளே மட்டும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர். காண்டாக்ட் கிடையாது, அதனால் அடிக்கடி செட்டிங் பார்க்க வேண்டியதில்லை, பானட்டைத் திறந்தாலும் வித்தியாசம் தெரியாது. என் கணக்கில் பாதிப் பேருக்கு இதுவே போதும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: டைனமோ கொடுக்காத ஆம்பியரை இந்தப் பெட்டி உண்டாக்கித் தராது. வாங்கும்போது வண்டி பிளஸ் எர்த்தா மைனஸ் எர்த்தா, அதாவது பேட்டரியின் எந்த முனை வண்டி உடம்போடு இணைந்திருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள், மாற்றி மாட்டினால் அன்றைக்கே புகைந்துவிடும்.

மூன்றாவது வழி ஆல்டர்னேட்டர். அதற்கு மாறுபவர்களுக்கும் இந்த எர்த் விஷயம்தான் முதல் வேலை. பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகள் பலவற்றில் பிளஸ் எர்த். ஆல்டர்னேட்டருக்கு மைனஸ் எர்த் வேண்டும். பேட்டரியைத் திருப்பி, இக்னிஷன் காயில் வயர்களையும் அம்மீட்டர் இருந்தால் அதன் வயர்களையும் மாற்றவேண்டும். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகிற பழைய வயர் 22 ஆம்பியருக்குப் போட்டது. 36 ஆம்பியர் வரும்போது அது சூடாகும். தடித்த வயரும், நடுவில் ஒரு பெரிய ஃபியூசும் கட்டாயம். பெரும்பாலான கடைகளில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பிராக்கெட்டை வெல்டிங் வைத்துப் புல்லி நேராக இல்லாமல் மாட்டினால் மாதத்துக்கு ஒரு பெல்ட் போகும். சார்ஜ் விளக்கின் பல்பு ஃபியூஸ் போனால் பல ஆல்டர்னேட்டர்கள் சார்ஜே தொடங்காது என்பதும் நினைவில் இருக்கட்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கிற பழைய டைனமோ காலத்து வழக்கம் இங்கே ஆகாது, ஆல்டர்னேட்டருக்குள் ஏசியை டிசி ஆக்குகிற டையோடு போய்விடும்.

டைனமோ உருவத்துக்குள்ளேயே ஆல்டர்னேட்டரை வைத்துச் செய்ததும் வெளிநாட்டில் கிடைக்கிறது. பார்க்க அழகு. பழுதானால் உள்ளூரில் பாகம் கிடைக்காது. மலைரோட்டு வண்டிக்கு நான் சொல்லமாட்டேன்.

அதிகச் செலவில்லாத வழியையும் சொல்லிவிடுகிறேன். டெயில், மீட்டர் விளக்குகளை எல்இடி ஆக்கினால் ஓரிரண்டு ஆம்பியர் மிச்சம். ஹெட்லைட்டுக்கு ரிலே வைத்தால் பழைய சுவிட்சில் வீணாகிற வோல்ட் பல்புக்குப் போய்ச் சேரும். ஹெட்லைட்டில் மட்டும் மலிவான எல்இடி வேண்டாம். பழைய ரிஃப்ளெக்டரில் வெளிச்சம் சிதறும், தென்மலைப் பக்கத்து மூடுபனியில் எதிரே வருகிறவருக்கும் கண் கூசும், நமக்கும் ரோடு தெரியாது. எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவில் உள்ள எர்த் பட்டையைக் கழற்றிச் சுரண்டி மாட்டுவதற்குக் காசே வேண்டாம்.

ஐம்பது வருடம் தாண்டிய வண்டிக்கு 2021 விதிப்படி ‘விஏ’ வரிசை எண் வாங்கியிருந்தால் கதையே வேறு. அதை அன்றாடம் ரோட்டில் ஓட்ட அனுமதி கிடையாது, கண்காட்சி, ராலி மாதிரித்தான். அந்த வண்டிக்கு டைனமோவும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரும் போதும், அசல் தோற்றமும் கெடாது. வாரத்துக்கு ஒருமுறையாவது ராத்திரியில் ஆரியங்காவு கணவாய் தாண்டுகிற வண்டி என்றால் யோசிக்கவே வேண்டாம், ஆல்டர்னேட்டர்தான். கழற்றிய டைனமோவையும் கட்டவுட்டையும் பிராக்கெட்டோடு சேர்த்து எண்ணெய்த் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவையுங்கள். பிற்பாடு வண்டியை வாங்குகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.